வடகரையில் கிளம்பி, தென்கரையில் நடந்து

ஆகஸ்ட் 4, 2022, வியாழன். திருவானைக்காவல்

மூட்டை கட்டியாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு செட் துணி, ஒரு துண்டு, டார்ச், குளுக்கோஸ், சித்தப்பாவின் பிரஷர் மாத்திரை. நாளை விடியற்காலையில் கிளம்பி காவிரியின் வடகரைச் சாலையில் உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. மறுநாள் கொள்ளிடக் கரையைப் பிடித்துக்கொண்டு கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி. மூன்றாம் நாள் திருவையாறு. எல்லாம் நடைதான்.

சித்தப்பா பொதுப்பணித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் லஸ்கராக இருந்தவர். ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, கரையில் ரோந்து போவது, எலி வளை பார்ப்பது. சின்ன வயதில் அவர் ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது டார்ச்சைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடுவேன். அவர் நடந்த கரையில் அவரோடு ஒரு தடவையாவது நடக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சென்னையில் லீவு கிடைத்ததும் ஓடி வந்துவிட்டேன்.

இந்த வருஷம் ஆறு எல்லாவற்றிலும் முந்திக்கொண்டது. ஜூன் 12-இல் திறக்கிற மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது இதுதான் முதல் தடவை. ஜூலை 16-இல் அணை 120 அடியைத் தொட்டது. நேற்று ஆடிப்பெருக்கு. எங்கள் தெருப் பெண்கள் போகிற சின்னப் படித்துறையில் சவுக்குக் கம்பு கட்டி மறித்திருந்தார்கள். மேலே நாலே நாலு படிதான் வெளியே தெரிந்தது. மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி எல்லாவற்றையும் அந்தப் படியிலேயே வைத்துக் கும்பிட்டோம். ஒருவர் ஒரு குடம் மொண்டு எல்லோர் தலையிலும் தெளித்தார். புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, கல்யாண மாலையை விட்டதும் அது போன வேகத்தைப் பார்த்து "ஐயோ" என்றாள். கண்ணிமைப்பதற்குள் மாலை மறைந்துவிட்டது.

ராத்திரி டிவி செய்தியில் கன அடிக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"போலாமா சித்தப்பா?"

"போவோம் பாப்பா. தண்ணி எங்க விடுதோ அங்க போவோம்."

ஆகஸ்ட் 5, வெள்ளி. உத்தமர்சீலி வரை, பிறகு தென்கரை

ஆடி வெள்ளி. ஐந்து மணிக்கே அகிலாண்டேஸ்வரி கோயில் வாசலில் கூட்டம். வெளியே நின்று கும்பிட்டுவிட்டுக் கிழக்கே நடந்தோம். வலது பக்கம் காவிரி, இடது பக்கம் தள்ளிக் கொள்ளிடம், நடுவில் சாலை, இரண்டு புறமும் வாழை. காற்று பலமாக இருந்தது. ஆடிக் காற்றில் வாழையிலை கிழிகிற சத்தம் வழி முழுக்கக் கூடவே வந்தது. பனையபுரம் தாண்டி ஒரு கடையில் டீ, ஆளுக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜி. எல்லாம் சேர்த்து முப்பத்தாறு ரூபாய். "கல்லணைக்கா? பாலத்துல தண்ணி போகுதுங்களே" என்றார் கடைக்காரர். சித்தப்பா கேட்டும் கேட்காதது மாதிரி காசைக் கொடுத்தார்.

எட்டே கால் மணிக்கு உத்தமர்சீலி. தரைப்பாலத்துக்கு நூறு அடி முன்னாலேயே தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் சாலை தண்ணீருக்குள் இறங்கியது. காவிரியில் தண்ணீர் ஏறினால் இந்தத் தாழ்வான இடம் வழியாகத்தான் கொள்ளிடத்துக்குப் பாயும். வலமிருந்து இடமாக, செம்மண் நிறத்தில், சாலை என்ற ஒன்று அங்கே இருந்ததே தெரியாத மாதிரி ஓடியது. பாலத்தோரக் குட்டைக் கல்தூண்களின் வெள்ளைத் தலைகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் ஒவ்வொரு தலையிலும் மோதிச் சுழித்துப் போனது.

அதைவிட மனசை அறுத்தது வாழைத் தோப்பு. பாதி மரம் தண்ணீருக்குள். தடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மரம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். குனிந்து பார்த்தேன். இலையின் நடுநரம்பில் சிவப்பு எறும்பு அப்பிக்கொண்டிருந்தது. முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போக வழியில்லாமல் நுனி வரை வந்து திரும்பின. மட்டை இடுக்கில் ஒரு ஓணான், இரண்டு மரவட்டை, ஒரு குட்டித் தவளை. வெள்ளத்துக்குத் தப்பி வந்த உயிரெல்லாம் ஒரே மரத்தில்.

ஒரு விவசாயி இடுப்பளவு தண்ணீரில் நின்று தார் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மகன் அதை டிராக்டர் டியூபில் வைத்து இழுத்து வந்தான். எல்லாம் பூவன், முற்றாத காய். வெட்ட இன்னும் இரண்டு மாசம் இருந்ததாம். "மூணு நாளைக்கு மேல தண்ணி நின்னா கிழங்கு அழுகிரும்மா. நின்னு பாத்துட்டு அழறதுக்கு, கறிக்காயாவாவது போகட்டும்." குத்தகை நிலம். பாதிப் பணம் நகையை வைத்து வாங்கியது. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா ஒரு சீப்பு கேட்டார். அவர் காசு வேண்டாம் என்றார். சித்தப்பா கேட்கவில்லை, ஐம்பது ரூபாயை அவர் மகன் சட்டைப் பையில் திணித்தார். சீப்பைத் துண்டில் சுற்றி என் பையில் வைத்தேன்.

"டிராக்டர்ல ஏத்தி விடட்டுமா?" என்று ஒரு பையன் கேட்டான். சித்தப்பா தலையை ஆட்டிவிட்டார். ஓடுகிற தண்ணீருக்கடியில் சாலை அரித்திருக்கிறதா இல்லையா என்று மேலேயிருந்து யாருக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு. "தெரியாத தரையில கால் வைக்கக் கூடாது பாப்பா. நான் வேலைக்குச் சேந்த மொத நாளு சொல்லிக் குடுத்தது இது."

சரி, திரும்பினோம். கல்லணைப் பேருந்து எதுவும் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு திருவானைக்காவலில் விட்டது, தலைக்கு முப்பது. அங்கிருந்து காவிரிப் பாலம் கடந்து சத்திரம் பேருந்து நிலையம், சத்திரத்திலிருந்து சர்க்கார்பாளையம். பேருந்தில் எனக்கு டிக்கெட் கிடையாது, சித்தப்பாவுக்கு மட்டும்தான். காலையில் நடந்த மூன்று மணி நேரமும் கழிந்துபோய், பதினோரு மணிக்குத் தென்கரையில் புதுசாக நடையைத் தொடங்கினோம்.

நான் பிறந்து வளர்ந்தது வடகரையில். எதிர்க்கரை எங்களுக்கு ஒரு தென்னை வரிசை, அவ்வளவுதான். அங்கே ஒரு ஊர் இருக்கிறது, அதில் ஒரு தெரு இருக்கிறது, தெருவில் ஒரு கிழவி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து போகிறவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பாள் என்றெல்லாம் யோசித்ததே இல்லை. வேங்கூருக்கு முன்னால் அப்படி ஒரு பாட்டி நிஜமாகவே கூப்பிட்டார். "யாரு வூட்டுக்கு?" யார் வீட்டுக்கும் இல்லை, கல்லணைக்கு நடக்கிறோம் என்றதும் நம்பவில்லை. "பஸ்ஸுக்குக் காசு இல்லையா?" என்று சுருக்குப் பையை அவிழ்த்துவிட்டார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள், அவர் பேத்தி மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு தூக்குக் கூழ் கொண்டுவந்துவிட்டாள். ஆடி வெள்ளிக் கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய், முருங்கைக் கீரைப் பொரியல். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு சொம்பு குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. வெயிலில் வந்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இந்தச் சாலையில் ஒரு வண்டிகூட எங்களைச் சும்மா கடந்து போகவில்லை. பைக், மொபெட், பால் வண்டி, எல்லாம் நின்றன. "ஏறிக்குங்கம்மா, எறக்கி வுட்டுர்றேன்." வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒருவர் தொலைவு போய்த் திரும்பி வந்து, "ஐயாவை மட்டுமாவது ஏத்திக்கிறேன்" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம்தான், முகம் சொல்லியது.

மூன்று மணி சுமாருக்குக் கரை ஏறி நின்றபோது எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், நாங்கள் காலையில் போயிருக்க வேண்டிய ஊர்கள். நடுவில் காவிரி கடலாட்டம் கிடந்தது. ஒரு கூரை முகடு மிதந்து போனது. ஒரு வேரோடு பிடுங்கிய மரம், அதன் மேல் இரண்டு கொக்கு.

கல்லணைக்குள் நுழையும்போது மணி ஆறரை. வலது கால் பெருவிரலில் கொப்புளம். பாலத்தில் நிற்க விடவில்லை, நடந்துகொண்டே பார்க்கச் சொன்னார்கள். இங்கேதான் ஆறு காவிரி, வெண்ணாறு, 1934-இல் வந்த புது ஆறு (கல்லணைக் கால்வாய்) என்று பிரிகிறது. மிஞ்சுவது கொள்ளிடத்துக்கு. இன்று மிஞ்சியதுதான் அதிகம். கால் வழியாக ஒரு அதிர்வு முதுகு வரை ஏறியது. கரிகாலன் கட்டிய கல் கீழே எங்கேயோ அத்தனை தண்ணீருக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோது, கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

வறுத்த மீன் கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. ஜிலேபிக் கெண்டை, தட்டு நூறு ரூபாய், மிளகாய்த்தூள் தூக்கல். தோகூரில் சித்தப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டில் படுக்கை. ராத்திரி முழுக்க ஒரே இரைச்சல். முதலில் காற்று என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 6, சனி. கொள்ளிடக் கரை, கோவிலடி

காலையில் இட்லியோடு கணக்குப் பாடம். நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு நடத்தினார்கள். ஒரு கன அடி என்றால் இருபத்தெட்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நொடிக்கு. ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் எட்டரை டி.எம்.சி.க்கு மேல்; ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. மேட்டூரின் மொத்தக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. "ஆக, பதினோரு நாள் இப்படி ஓடுச்சுன்னா ஒரு மேட்டூரே கடலுக்குப் போயிருச்சுன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு அந்த நண்பர் இட்லியைப் பிட்டபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மே மாசம் வரை ஆற்று மணலில் மாடு மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்தது.

காவிரியை விடக் கொள்ளிடம் பள்ளம், அகலம், நேராகக் கடலுக்குப் போகிறது. தண்ணீரை விட்டால் தானாக அங்கேதான் ஓடும். அதைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பத்தான் 1836-இல் முக்கொம்பில் மேலணை வந்தது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அதில் ஒன்பது ஷட்டர் அடித்துக்கொண்டு போனது. அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, பேசவில்லை.

கொள்ளிடக் கரையில் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். கரை மேல் யாரும் போகக் கூடாது, கீழே ஊர்ச்சாலையில் போங்கள் என்று. நியாயம்தான். கீழே இறங்கி நடந்தோம். இடது கைப்பக்கம் கரை, அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத கொள்ளிடம். தண்ணீர் நம் தலைக்கு மேலே எங்கேயோ ஓடுகிறது என்ற நினைப்போடு நடப்பது பழக்கமில்லாத விஷயம். சேற்றில் சித்தப்பாவின் செருப்பு வார் அறுந்தது. ஒரு சணல் கயிற்றால் கட்டிக்கொண்டார்.

கோவிலடிக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது அவர் நின்றுவிட்டார். கரையின் ஊர்ப்பக்கச் சரிவில், புல்லுக்கு நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவர் பையைக் கீழே வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லை இரண்டு கையாலும் விலக்கினார். விரல் பருமனுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து தண்ணீர் மெதுவாக ஊறி வழிந்தது. உள்ளங்கையைக் குழித்து அதில் பிடித்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கொட்டினார். மறுபடியும் பிடித்தார். என் கையையும் இழுத்து அதில் ஊற்றினார்.

"என்ன தெரியுது?"

"தண்ணி."

"நல்லா பாரு. தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கா?"

தெளிவாக இருந்தது, அடியில் மட்டும் பொடி மாதிரி ஏதோ படிந்தது. கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை, கரை மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண்ணை இழுத்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கு விரல் பருமன் இருப்பது நாளைக்குக் குடம் அளவாகும், அப்புறம் உடைப்பு. இது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, கரைக் காவலில் இருந்த ஆட்களைத் தேடிப் போனார். நான்கு பேர் ஓடி வந்தார்கள், எல்லாம் சின்னப் பையன்கள். ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டு "லஸ்கர் ஐயா" என்றான். அப்புறம் இரண்டு மணி நேரம் வேலை நடந்தது. ஓட்டையை அடைக்கவில்லை. அதைச் சுற்றி வட்டமாக மண் மூட்டை அடுக்கினார்கள், கிணற்றுக் கட்டு மாதிரி. உள்ளே தண்ணீர் ஏறி நின்றால் அதன் கனமே வெளியே வருகிற தண்ணீரை அமுக்கி, வேகத்தைக் குறைக்கும், மண் வராது. எனக்கும் வேலை கிடைத்தது. சாக்கைப் பிடித்துக்கொண்டேன், ஒரு பையன் மண் அள்ளிப் போட்டான். நான் வாய் வரை நிரப்பப் போனேன். சித்தப்பா தடுத்தார். "முக்கால்தான் போடணும். ரொம்புன மூட்டை கல்லு மாதிரி நிக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது." முக்கால் நிரப்பிய மூட்டையை வைத்து ஒரு மிதி மிதித்தால், நிஜமாகவே, அது சப்பென்று படிந்து பக்கத்து மூட்டையை அணைத்துக்கொண்டது.

பொறுப்பில் இருந்தவர் மொபெட்டில் வந்து பார்த்து, நம்பர் குறித்துக்கொண்டு, ராத்திரிக்கு அங்கே ஒரு ஆள் போட்டார். போகும்போது சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம் கொடுத்தார், வாழையிலைக் கிழிசலில். ஆறிப்போன சாதம், கடுகும் கடலைப்பருப்பும் நிறையப் போட்டது. அந்தப் பசிக்கு அது அமிர்தம்.

இதற்கு மேல் திருக்காட்டுப்பள்ளி நினைக்கவே முடியாது. கோவிலடியிலேயே தங்கினோம். அப்பக்குடத்தான் கோயில் கொள்ளிடத்தின் தென்கரையில் மேடாக இருக்கிறது, படி ஏறிப் போக வேண்டும். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் மேற்கே பார்த்துப் படுத்திருக்கிறார், வலது கை அப்பக் குடத்தின் மேல். இங்கே தினமும் ராத்திரி அப்பம் நைவேத்தியம். திட்டப்படி போயிருந்தால் மதியம் கோயிலைத் தாண்டிப் போயிருப்போம், அப்பம் கிடைத்திருக்காது. விளக்கு வைத்த பிறகு பத்துப் பேர்தான் இருந்தோம். கையில் வைத்த அப்பம் சூடு, ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வெல்லமும் நெய்யும் இறங்கிய மெது. சித்தப்பா பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்தார். காவலுக்குப் போட்ட அந்தப் பையனுக்காம்.

இருட்டில் திரும்பவும் ஒன்றரை மைல் நடந்து கொடுத்துவிட்டு வந்தார். நான் போகவில்லை, காலை ஊன்ற முடியவில்லை. திரும்பி வந்து, "தெளிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு. திருக்காட்டுப்பள்ளி

எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். நொண்டிக்கொண்டு நடந்ததில் மதியம் ஆனது. குறுவை கதிர் வாங்கியிருந்தது. ஆற்றில் அத்தனை ஆர்ப்பாட்டம், வாய்க்காலிலோ தண்ணீர் சாதுவாக, மதகு விட்ட அளவுக்கு. செருப்புத் தைக்கிறவர் வார் தைத்து இருபது ரூபாய் வாங்கினார். சணல் கயிற்றை அவிழ்த்து மடித்துச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

குடமுருட்டி பிரிகிற இடத்தைப் பார்த்தோம். ஓட்டலில் சாப்பாடு எண்பது ரூபாய், வத்தக்குழம்பு அருமை. திருவையாறு இன்னும் பாக்கி. என் கொப்புளம் உடைந்துவிட்டது, சித்தப்பாவுக்கு மாத்திரையும் தீர்ந்துவிட்டது. பேருந்து ஏறினோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அவர் தூங்கிவிட்டார், மடியில் டார்ச்சோடு.

ஆகஸ்ட் 10, புதன். திருவானைக்காவல்

உத்தமர்சீலி சீப்பை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். பூவன் மூன்று நாளில் மஞ்சளாகிவிடும். இன்று எடுத்துப் பார்த்தேன். பழுக்கவில்லை. பிஞ்சில் வெட்டியது, தோல் சுருங்கி, காம்பு கறுத்து, பச்சையாகவே வாடியிருந்தது. பன்னிரண்டு காய். அம்மா வாங்கித் தோல் சீவி, மஞ்சள் தூள் போட்டு வேகவைத்து, தேங்காய் துருவிப் பொரியல் செய்தார். லேசாகத் துவர்த்தது. சித்தப்பாவையும் கூப்பிட்டிருந்தோம். இலையில் விழுந்ததை ஒரு துண்டு மிச்சமில்லாமல் எல்லோரும் சாப்பிட்டோம்.